பத்தாயிரம் பேர் சொன்னால் உண்மையாகிவிடுமா?

ஆனைமலைப் பகுதி மாணவர்களின் நிலையை அறிய என்ன வழி? "எத்தனை பேரிடம் முடியுமோ அத்தனை பேரிடமும் கேளுங்கள்" என்பதே எல்லோரும் சொல்லும் விடை. உடனே கூகுள் படிவம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கும். ஆயிரக்கணக்கில் பதில் குவிந்ததும் ஆய்வு பலமாகிவிட்டதாக நம்புகிறோம். இது வெறும் தலைக்கணக்கு மயக்கம்.

படிவத்தை நிரப்புவது யார்? போனும் சிக்னலும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். சமவெளித் தென்னந்தோப்பு ஊர்களிலிருந்து பதில் கொட்டும். எருமைப்பாறைக் காடர் பழங்குடி வீடுகளிலிருந்தும் வால்பாறை எஸ்டேட் லயன்களிலிருந்தும் எத்தனை வரும்? விடுபடுகிறவர்கள் எப்போதும் ஒரே தரப்பினர் என்றால், எண்ணிக்கையைக் கூட்டுவதால் பிழை குறையாது. பிழையின் மேல் நமக்குள்ள நம்பிக்கைதான் கூடும்.

1936-இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து வந்தவை. கடிதம் கிடைத்தவர்களிலும் கால்வாசிப் பேர்தான் பதில் எழுதினார்கள்.

மாறாக, முழுப் பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 400 பேர் போதும், 95 விழுக்காடு உறுதியுடன் ஏறத்தாழ 5 புள்ளிப் பிழைக்குள் விடை கிடைக்கும். மொத்த மாணவர்கள் 40,000 ஆனாலும் 40 லட்சம் ஆனாலும் இதுதான் கணக்கு.

குலுக்கல் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பிள்ளைகளின் கல்வி நிலையை அறியும் பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று எடுக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வர வேண்டும் என்பதால் வீட்டுக்கே போகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மாவட்ட நிலவரத்துக்கானது. கோவை மாவட்டத்தின் அந்த 600 வீடுகளில் ஒரு மலைக் குடியிருப்புகூட வராமல் போகலாம்.

ஆகவே சமவெளி, எஸ்டேட், பழங்குடிக் குடியிருப்பு என முதலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்க வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் குறைவு. அங்கே எல்லோரையுமே கேட்டுவிடலாம். மொத்த விடையைக் கணக்கிடும்போது அவரவர் தொகைக்கேற்ப எடை போட்டால் போதும். தேர்வான பிள்ளை கேட்கப் போன அன்று பள்ளிக்கு வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்டு நிரப்பக் கூடாது. மறுபடி போக வேண்டும்.

செலவாகும் என்பார்கள். பத்தாயிரம் படிவங்களைப் பகுத்து எழுதும் பொய்க்கும் செலவாகிறதே!

பதில் தந்தவர் தொகைக்குப் பக்கத்திலேயே, தேர்வாகியும் கிடைக்காதவர் தொகையையும் அறிக்கை அச்சிடட்டும். அதை மறைக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு விடுதி, பேருந்து, உதவித்தொகை எதையும் முடிவு செய்யக் கூடாது.