வாடகை வீடுகளுக்கும் எர்த் வேண்டும்



மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருவோரை நம்பி, சிங்கப்பெருமாள் கோயிலில் வாடகை வீடுகள் பெருகிவிட்டன. நான் பார்த்த பல வீடுகளில் பிளக் பாயின்ட்டில் எர்த்துக்கான மேல் ஓட்டை பெயருக்குத்தான் இருக்கிறது. எர்த் வயரே இழுக்கவில்லை. சில இடங்களில் நியூட்ரலையே எர்த் முனையில் முறுக்கிவிடுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர், வாஷிங் மெஷின் உடம்பில் 230 வோல்ட் ஏறிவிடும்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை நீளமாகச் செய்திருப்பதே, மின்சாரம் வருமுன் அது இணைந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருந்தால் உயிர் தப்பும். கீசர், இன்டக்‌ஷன் அடுப்புக்கு 6 ஆம்பியர் பாயின்ட் போதாது. தடித்த கம்பியுடன் 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும்.

மின்வாரியம் புதிய இணைப்பு தரும்போது ஒவ்வொரு பாயின்ட்டிலும் எர்த்தைச் சோதிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் உரிமம் பெற்றவரிடமே வயரிங் வேலையைக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே இது நடக்கட்டும்.

- ஒரு வாசகர், சிங்கப்பெருமாள் கோயில்