மாப்பிள்ளைத் தோழனுக்கு என்ன வேலை?



என் தங்கையின் மகன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு வந்து நின்றான். "பெரியும்மா, கூட்டாளிக்குக் கலியாணம். நான்தான் தோழன். என்ன செய்ய வேணும்?" என்றான். நான் வாய் திறக்குமுன்பே, மாப்பிள்ளையின் கோட்டுக்குப் பொருத்தமாகத் தனக்கும் ஒன்று தைக்கக் கொடுத்தாயிற்று என்பதையும் சொல்லி முடித்தான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தோழன் என்றால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுபடுவது என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, வளர்த்தவர்கள் நாங்கள்தானே!

நிகாஹ்வுக்கு வலீ வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், ஈஜாபும் கபூலும் வேண்டும். தோழன் என்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் கூட்டாளிமார் ஒருவனின் கலியாணத்துக்குத் தோள் கொடுப்பது நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்திருக்கிறது. ரபீஆ பின் கஃப் (ரலி) அவர்களின் வரலாறு முஸ்னது அஹ்மதில் வருகிறது. நபியவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஏழை அவர். அன்ஸாரிகளில் ஒரு குடும்பம் பெண் கொடுக்கச் சம்மதித்தும், மஹர் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் கவலையோடு திரும்பி வந்தார். நபியவர்கள் அவருடைய கோத்திரத்தாரிடம் சொல்ல, அவர்கள் ஒரு பேரீச்சங் கொட்டை எடையளவு தங்கம் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு வலீமாவுக்கு ஓர் ஆடும் சேர்த்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து வாற்கோதுமை வந்தது. பெண் வீட்டார், ரொட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஆட்டை நீங்கள் பாருங்கள் என்றார்களாம். ரபீஆவும் அவருடைய ஆட்களும் ஆட்டை அறுத்து, உரித்து, சமைத்தார்கள்.

இதைச் சொன்னதும் மகன், "எனக்கு ஆடு உரிக்கத் தெரியாதே பெரியும்மா" என்றான். ஆடு உரிக்க வேண்டாம், மஹர் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கள் பகுதியில் ஒரு சகோதரி இருக்கிறாள். கலியாணம் முடிந்து ஆறாவது வருடம் தலாக் ஆயிற்று. மஹர் கிடைக்கவில்லை என்று காதியிடம் போனாள். பதிவுப் புத்தகத்தில் மஹர் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. நடந்தது என்னவென்றால், நிகாஹ் நேரம் ஒரு தங்கச் சங்கிலியைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். அது மாப்பிள்ளையின் ராத்தாவிடம் இரவல் வாங்கியது. அன்றிரவே திரும்பிப் போய்விட்டது. சாட்சிகளில் ஒருவர் மவுத்தாகிவிட்டார். மற்றவர் அன்றைய தோழன். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது கேட்டதற்கு, தட்டில் ஏதோ மினுங்கினது தெரியும், யார் கைக்குப் போனது தெரியாது என்றாராம். அந்தப் பிள்ளை அலைந்து களைத்து, கடைசியில் வழக்கை விட்டுவிட்டாள்.

1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளையின் கையெழுத்தையும் வலீயின் கையெழுத்தையும் சாட்சிகளின் கையெழுத்தையும் கேட்டது. மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. தன் மஹரைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே பார்க்காமல் எத்தனை பெண்கள் மனைவியானார்கள்! அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? கைக்கூலிக்கும் இதே கதைதான். அதைத் திரும்பக் கேட்க மனைவிக்கு அந்தச் சட்டத்தில் இடமிருந்தும், யார் எண்ணிக் கொடுத்தது, யார் பார்த்தது என்ற கேள்வி வராமல் போகாது. (கைக்கூலி வாங்குகிறவனுக்குத் தோழனாகவே போகாதே என்று சொல்ல வாய் வந்தது. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.)

ஆகவே மகனிடம் சொன்னேன்: மஹர் காசா, நகையா, இரவலா, சொந்தமா என்று உன் கூட்டாளியிடம் முதல்நாளே கேள். கூச்சப்படாதே. நிகாஹ் மேசையில் எல்லோரும் பார்க்க எண்ணி வை. பிறகு அது பெண்ணின் வாப்பாவின் சட்டைப் பைக்குள் போய்த் தூங்காமல், உள்ளே பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு சொல் வரும்வரை கையெழுத்துப் போடாதே.

அந்தச் சொல்லை அனுப்ப வேண்டியவர்கள் நாங்கள், சகோதரிகளே. பெண்ணைச் சுற்றி நின்று சேலை மடிப்பைச் சரிபார்க்கிற மாமிமார், சாச்சிமாரில் ஒருத்தி அதை வாங்கிப் பெண்ணின் கையில் வைத்து, "கிடைத்தது" என்று வெளியே சொல்லி அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இன்னொன்றும் சொன்னேன். நூற்றைம்பது பேர் வருவோம் என்று சொல்லி நூற்றெண்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகாதே. ஆறு பேருக்கு ஒரு சஹன் என்றால் அந்த முப்பது பேருக்கு ஐந்து சஹன். பெண்ணின் உம்மா அந்த நேரத்தில் அதை எங்கே தேடுவாள்? ஆட்களை எண்ணுவது, மஃரிபுக்கு முன் புறப்பட வைப்பது, மாப்பிள்ளையைத் தொழ வைப்பது, படம் பிடிக்கிறவர்கள் பெண்கள் பக்கம் புகுந்துவிடாமல் பார்ப்பது, எல்லாம் தோழனின் தலையில்தான்.

கலியாணம் முடிந்து மறுநாள் வந்தான். மஹரை மேசையில் எண்ணி வைத்தபோது பெரியவர்கள் இரண்டு பேர், "என்னடா, எங்களில் நம்பிக்கையில்லையா?" என்று முகம் சுளித்தார்களாம். இவன் பேனையை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். பதிவாளரும் பேசாமல் காத்திருந்திருக்கிறார். பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து பெண்ணின் கண்ணம்மா, வயது எண்பது இருக்கும், கதவடிக்கு வந்து, "பிள்ளையின் கையில் இருக்கு வாப்பா, எழுதுங்கோ" என்று சத்தமாகச் சொன்னாவாம்.

கோட் எப்படி என்று கேட்டேன். சஹனில் குனிந்து சாப்பிட்டதில் முன்பக்கமெல்லாம் நெய்க்கறை.