ஷாஹு நகர் வாலிபரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், தாராவியில் பல வீடுகளில் அதே பேச்சுதான். பையனுக்குப் புதுச் சட்டை, பெண்ணுக்கு அவசரமாக ஒரு பாட்டு வாத்தியார், தகப்பனாருக்கு ஆபீசில் இரண்டு நாள் லீவு. படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டால்தான் என்ன என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறோம்.

உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாகிம்-தாராவி ஷாஹு நகர் வாலிபர் அபிஜித் சாவந்த், 2005 மார்ச்சில் சோனி தொலைக்காட்சியின் முதலாவது ‘இந்தியன் ஐடல்’ பட்டத்தை வென்றார். நாடெங்கும் ஜனங்கள் செல்போனில் ஓட்டுப் போட்டு ஒரு பாடகரைத் தேர்ந்தெடுத்த புதுமை அது. நம் சந்துகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன் ஒரே இரவில் தேசம் அறிந்தவரானார். அதே ஆண்டில் அவருடைய ஆல்பம் வெளிவந்தது. இந்திப் படத்திலும் பாடினார். 2007-ல் இன்னொரு ஆல்பம். அதே ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய ஐடல் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் சென்றார். பட்டம் சிங்கப்பூரின் ஹாடி மிர்சாவுக்குப் போயிற்று. 2009-ல் ‘லாட்டரி’ என்ற படத்தில் நடித்தார். ஆனால் முதல் வருடத்து ஆரவாரத்துக்கு ஏற்றபடி சினிமாப் பாட்டு வாய்ப்புகள் பெருகவில்லை. 2024-ல் மராத்தி ‘பிக் பாஸ்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபோதுதான் அவர் பெயர் மீண்டும் வீட்டுக்கு வீடு அடிபட்டது.

அவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்வது அநியாயம். மேடையில் பாடிப் பிழைப்பதும் கௌரவமான தொழிலே. குறை அவரிடம் இல்லை, போட்டியின் அமைப்பில் இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் விற்பது பாடகரை அல்ல, போட்டியை. விளம்பரமும் ஓட்டும் அவர்களுக்கு வருமானம். அடுத்த வருடம் புதுப் போட்டி, புது முகம். போன வருடத்து முகத்துக்கு அங்கே வேலை இல்லை. சினிமாவிலோ ஓட்டுக்கு மதிப்பே கிடையாது. ஒரே பாட்டை இரண்டு மூன்று பேரைப் பாடவைத்து, ஒருவர் குரலை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும் வழக்கமும் அங்கே உண்டு.

அதே 2005-ல் ‘ஃபேம் குருகுல்’ என்ற இன்னொரு போட்டி நடந்தது. வென்றவர்கள் காஜி தௌகீரும் ரூப்ரேகா பானர்ஜியும். இந்தப் பெயர்கள் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? இறுதிக்கு முன்பே வெளியேற்றப்பட்ட ஒரு வங்காளப் பையன், இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக இருந்து ஒலிப்பதிவு வேலையைக் கற்றுக்கொண்டார். எட்டு வருடம் கழித்து, 2013-ல் ‘ஆஷிக்கி 2’ வந்தது. அரிஜித் சிங் யார் என்று பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. மும்பையில் வளர்ந்த ஹரிஹரன், தாயும் தந்தையும் கர்நாடக சங்கீத வித்வான்களாக இருந்த வீட்டுப் பிள்ளை. 1977-ல் அகில இந்திய சுர் சிங்கார் போட்டியில் வென்றார். இசையமைப்பாளர் ஜெய்தேவ் அவரை ‘கமன்’ படத்தில் பாடவைத்தார். 1978-ல் வந்த அந்தப் படம், ஊரையும் மனைவியையும் விட்டு பம்பாய்க்கு வந்து டாக்ஸி ஓட்டும் ஒருவரின் கதை. நம்மில் பலர் தங்கள் கதை என்றே நினைக்கக்கூடியது. அதன்பின் தமிழ்நாடு அவர் குரலைக் கேட்க 1992-ல் ‘ரோஜா’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே பதினாலு வருடம், கஜல் கச்சேரிகளும் மேடைகளுமாக. கையில் வித்தை இருந்ததால் காத்திருக்க முடிந்தது. 2018-ல் விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் வென்ற செந்தில் கணேஷுக்கும் அவர் மனைவி ராஜலட்சுமிக்கும் போட்டிக்கு முன்பே நாட்டுப்புறப் பாட்டு மேடை சோறு போட்டு வந்தது.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-ல் கல்கத்தா போலீஸ்காரர் பிரசாந்த் தமாங் வென்றபோது டார்ஜிலிங் மலை ஜனங்கள் அவருக்காக ஓட்டுகளைக் குவித்தார்கள். பிறகு ஒரு வானொலி அறிவிப்பாளர் அவர் இனத்தைக் கேலி செய்ததில் சிலிகுரியில் கலவரமே மூண்டது. வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்த ஆவேசம் புரியும். நம் பையன் மேடையேறினால் நாமும் காசைப் பார்க்க மாட்டோம். ஆனால் அந்த ஓட்டு அவனுக்கு ஒரு இரவைத்தான் வாங்கித் தரும்.

பிள்ளைகள் போட்டிக்குப் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. போகட்டும். பள்ளியை நிறுத்தியும், வட்டிக்குக் கடன் வாங்கியும் போக வேண்டாம். கையெழுத்துப் போடச் சொல்லும் ஒப்பந்தத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போட வேண்டாம். எத்தனை வருடத்துக்கு வேறு இடத்தில் பாடக் கூடாது என்ற விதி அதில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். நம் ஆபீஸ் குமாஸ்தாக்கள் இந்த ஒரு உதவியைப் பக்கத்து வீட்டாருக்குச் செய்யலாமே.

மாதுங்கா பக்கம் ஷண்முகானந்தா அரங்கு தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஆனால் நம் சந்துகளில் பாடும் எத்தனை பிள்ளைகள் முறையாக ஒரு வாத்தியாரிடம் உட்கார்ந்திருக்கிறார்கள்? பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூல் செய்யும் நம் சங்கங்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளின் பாட்டுச் சம்பளத்தைக் கட்டட்டும். வரும் பொங்கல் வசூலிலேயே இதைத் தொடங்கலாம்.