தாய்வீட்டுத் தொட்டிலும் பிரஜாவுரிமையும்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருக்கும் பெண் தஞ்சைக்குப் போகிறாள், கைக்குழந்தையோடு திரும்புகிறாள். அந்தக் குழந்தை எந்த நாட்டுப் பிரஜை?

2004 மே 15-க்கு முன்பு சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, தந்தைவழியாக மட்டுமே வம்சாவழிப் பிரஜாவுரிமை உண்டு. பெற்ற தாய் கணக்கில் இல்லை! அந்நாள் முதல் தாய்வழியும் செல்லும். மலேசியாவிலோ இத்தகைய திருத்தம் மக்களவையில் நிறைவேறியதே 2024 அக்டோபரில்தான்.

ஆனால் உரிமை தானாக மடியில் வந்து விழாது. பிறந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தவறினால் சர்க்காரின் அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். தந்தைவழி கேட்பவர் சட்டப்படி நடந்த கலியாணத்துக்கு ருசு காட்ட வேண்டும். "ஊரறியத் தாலி கட்டினேன்" என்றால் போதாது. பெற்றவரும் வம்சாவழிப் பிரஜையானால், சிங்கப்பூரில் வாழ்ந்த காலத்தையும் நிரூபிக்க வேண்டும். பிள்ளையோ 21 வயதானபின், 22 ஆகுமுன் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும்; இல்லையேல் உரிமை போய்விடும்.

ஓராண்டுக் கெடு படித்தவனுக்குப் போதும். மனு எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? கிராணிமார்களே, அவனுக்காக ஒரு மாலைப்பொழுதைக் கொடுங்கள். பால்வெட்டும் தோழர்களே, பிறப்புப் பத்திரத்தையும் கலியாணப் பத்திரத்தையும் நகையோடு நகையாகப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் சூட்டும் நாளிலேயே மனுவையும் எழுதிவிடுங்கள்!