லேலோங் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்த வாரம் எனக்குக் கோபம். தங்கை மகன் கொண்டுவந்து நீட்டிய ஒரு வழவழப்பான தாள்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். பாழடைந்த வீட்டை ஏலத்தில் எடு, சாயம் பூசு, விற்றுவிடு. மொத்தமே நான்கு படங்கள். நான்கிலும் வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆள் ஒருவர்கூட இல்லை.

"மாமா, மூணாவது தடவ லேலோங் வருது. விலை நல்லா இறங்கிருச்சு. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றான். லேலோங் என்றால் ஏலம். வீடு அலோர் ஸ்டாரிலிருந்து கோலா கெடா போகும் சாலையை ஒட்டிய பழைய தாமான் குடியிருப்பில். போனேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் அது இல்லை. உயர்நீதிமன்ற ஏலத்தில் முதல் முறை யாரும் கேட்காவிட்டால், அடுத்த முறை ஒதுக்கு விலையை, அதாவது ஏலம் தொடங்கும் விலையை, வழக்கமாக 10 விழுக்காடு குறைப்பார்கள். 2 லட்சம் வெள்ளி வீடு மூன்றாவது ஏலத்துக்கு வரும்போது 1,62,000 வெள்ளியாகியிருக்கும். அதில் 10 விழுக்காடு, அதாவது 16,200 வெள்ளியை முன்பணமாகக் கட்டினால்தான் ஏலம் கேட்க முடியும். மீதிப் பணத்தை 120 நாளுக்குள் கட்டியாக வேண்டும். வீட்டுக்கடன் கிடைக்கவில்லை, வங்கி தாமதம் செய்கிறது என்றெல்லாம் சொல்லி நாள் கேட்க முடியாது. கட்டாவிட்டால் முன்பணம் போனது போனதுதான். தனிப் பட்டா இன்னும் வராத வீடு என்றால் நீதிமன்றத்துக்கே போகாமல் வங்கியே ஏலம் விடும். அதற்குத் தவணை பெரும்பாலும் 90 நாள்தான்.

இன்னொன்று. ஏல அறிவிப்பைக் கடைசி வரி வரை படிக்கவேண்டும். நிலம் மலாய்க்காரர்களுக்கே உரிய 'மலாய் ஒதுக்கீடா', பட்டாவில் என்ன தடை எழுதியிருக்கிறது, கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் நிறைய உள்ள கெடாவில் நம்மவர்கள் இதைப் பார்க்காமல் ஏலத்துக்குப் போகவே கூடாது.

வீட்டைச் சுற்றி வந்தோம். உள்ளே பார்க்க உரிமை கிடையாது. ஏல வீடு 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவது. வாசல் கிரில்லில் சங்கிலி. பின்பக்கம் போனால் உண்மை தெரிந்தது. யாரோ பிற்பாடு இழுத்துக் கட்டிய அடுப்படி, பழைய சுவரை விட்டு விலகி நிற்கிறது. விரிசலுக்குள் என் நான்கு விரல் நுழைந்தது. இந்தக் கரையோரச் சமவெளி முழுக்கக் களிமண். முன்வீட்டுக்கு ஆழமாகப் பைலிங் அடித்திருப்பார்கள். பின்னால் சேர்த்த அடுப்படிக்கு அடிக்காமல் விட்டிருப்பார்கள். ஒன்று நிற்கும், மற்றது இறங்கும். இறங்குகிறதைச் சிமெண்டு பூசி நிறுத்த முடியாது. கடற்காற்றில் உள்கம்பி துருவேறி, போர்ட்டிகோ கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாக உதிர்ந்திருந்தது. ஓட்டுக்கு அடியில் மரச்சட்டத்தில் கறையான் எந்த அளவுக்கு என்பது, ஓட்டைப் பிரித்தால்தான் தெரியும். இந்தச் செலவு எதுவும் வீட்டுக்கடனில் அடங்காது. கையிலிருந்து போடவேண்டிய காசு.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வேலியோரக் கறிவேப்பிலைச் செடியைக் கவனித்தேன். அன்று காலையில் ஒடித்த கிளை. அடியில் மண் ஈரமாக இருந்தது.

கதவைத் தட்டினோம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து சங்கிலியைக் கழற்றினார். "யாரு தம்பி, பேங்க்லேர்ந்து வர்றீங்களா?" என்று தங்கை மகனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பெரியவர் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகன் கடன் எடுத்து இந்த வீட்டை வாங்கினான். மகனுக்கு வேலை போனது, தவணை நின்றது, மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். "லோயர் லெட்டரு வருது ஐயா. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு. மகன் வந்தாக் காட்டலாம்னு எடுத்து வச்சிருக்கேன்" என்று சாமி படத்தட்டின் அடியிலிருந்து ஒரு கட்டு உறைகளை எடுத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

தோட்டத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே, அந்தக் காலம் முடிந்துபோய்விட்டது என்று ஒரு வாசகர் எனக்கு எழுதியிருந்தார். ஐயா, அந்தக் காலம் கோலா கெடா சாலையில் ஒரு லேலோங் வீட்டில் பனியனும் கைலியுமாக உட்கார்ந்திருக்கிறது.

நம் கூட்டத்துக்குத் தலைக்கு மேல் வீடு விலைபோவது புதிதல்ல. 1950களில் சுதந்திரம் நெருங்க நெருங்க, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்களில் பலர் தோட்டத்தைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. துண்டு போட்டார்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று விற்றால் முழுசாக விற்பதைவிட லாபம். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் கெடாவின் பழைய ஆட்களுக்கு முகம் மாறும். பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றித் தனி ஆய்வே செய்து எழுதினார். துண்டு வாங்கியவருக்கு மரம் வேண்டும், லயம் வேண்டாம். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை போன அன்றே வீடும் போனது. பள்ளிக்கூடம், கோயில், ஆயாக்கொட்டகை எல்லாம் யாருடைய துண்டில் விழுந்ததோ அவர் பொறுப்பு.

அப்போது ஒருவர் வேறு விதமாக யோசித்தார். துன் வீ. தி. சம்பந்தன் தாமே ரப்பர் தோட்ட முதலாளியின் மகன், சுங்கை சிப்புட்காரர், அன்றைக்கு அமைச்சர். தோட்டம் விலைக்கு வருகிறதென்றால் அதை ஏன் தொழிலாளியே வாங்கக்கூடாது என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட எந்தத் தோட்டத்துக் குடும்பத்தால் முடியும்? மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு ஆண்டே, 1961இல், சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம்.

இதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். கெடாவில் வளரும் நம் பிள்ளைகளில் புக்கிட் சீடிம் என்ற பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அங்கேயும் தோட்டம் விலைக்கு வந்தது, வாங்க ஆள் வந்தது. வாங்கியவர்கள் உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அன்று பால்மரம் வெட்டிய கை நீட்டிய பத்து வெள்ளியை விடப் பெரிய சொத்து முதலீட்டை இந்த மாநிலத்தில் நான் அறியவில்லை.

அந்தப் பாடம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது என்பதுதான் என் வருத்தம். லயத்தை விட்டு இறங்கி, சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்கள் தனித்தனியாகக் கடன் எடுத்தார்கள், தனித்தனியாகத் தவறுகிறார்கள். கோயிலுக்குக் கோபுரம் எழுப்பக் கூடிவிடுகிற நாம், மூன்று மாதத் தவணைக்குத் திணறும் பக்கத்து வீட்டுக்குக் கூடுவதில்லை.

தங்கை மகன் அந்த வீட்டுக்கு ஏலம் கேட்கப்போவதில்லை. அது அவன் முடிவு. கேட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். பட்டா அவன் பெயருக்கு மாறும், வீடு கைக்கு வராது. ஏலத்தில் யாரும் காலி வீட்டுக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. பெரியவரை வெளியேற்ற அவன்தான் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போகவேண்டும். அந்த மாதங்களிலும் வங்கித் தவணை ஓடும்.

ஏலத்தில் வீடு வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கட்டட வேலைக்காரரைக் கூட்டிப்போய்ப் பின்பக்கம் பாருங்கள், வழக்கறிஞரிடம் பட்டாவைக் காட்டுங்கள், கதவைத் தட்டுங்கள்.

கதவுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கிக் கடிதத்தைச் சாமி படத்தட்டில் வைக்காதீர்கள், பிரியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கொடுங்கள், கோயில் செயலாளரிடம் கொடுங்கள். கடனில் தவிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லி வங்கியோடு பேசி வழிசெய்வதற்கென்றே மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் ஏ.கே.பி.கே. என்ற அமைப்பை ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பட்டா உள்ள வீட்டுக்கு நீதிமன்றம் ஏல உத்தரவே போட்டிருந்தாலும், விற்பனை முடிவதற்குமுன் எந்த நேரத்திலும் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ள தேசிய நிலச் சட்டத்தின் 266ஆவது பிரிவு இடம் தருகிறது.