ஓட்டுகிறவனை மட்டும் பிடித்தால் போதுமா?

"லைசென்ஸ் வேண்டாம், சாலை வரி வேண்டாம், பெட்ரோல் செலவும் இல்லை" என்று ஆசை காட்டி விற்கப்படும் மின்சார ஸ்கூட்டர் நம் தொழிலாளர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. மலிவு என்பது மெய். ஆபத்தில்லை என்பது பொய்.

நின்றபடி ஓட்டும் இவ்வண்டியின் சக்கரம் மிகச் சிறியது. மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கிவிடும் குழியில் இது சிக்கி நிற்கும். ஓட்டியவர் தலைகுப்புற விழுவார். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சிம்பாங் பூலாயிலோ சுண்ணாம்புக்கல் லோரிகளும் கேமரன் மலைக்குச் செல்லும் வாகனங்களும் ஓயாமல் ஓடுகின்றன. உயரத்தில் அமர்ந்திருக்கும் லோரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் வரும் சிறு வண்டி தெரியாது. அதன் சத்தமும் கேட்காது.

இத்தகைய வண்டிகளைச் சாலையில் ஓட்டக் கூடாதென்ற விதி 2021 டிசம்பரில் பிறந்தது. 2022 ஏப்ரலில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் அதை நாட்டுக்கு அறிவித்தார். விதியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், விடியுமுன் வேலைக்குப் புறப்படுகிறவனுக்குப் பஸ் இல்லையென்றால் அவன் எதில் போவான்? ஷிப்ட் நேரத்துக்கு வண்டி விடுவது முதலாளிமார் கடமை. விற்கும்போதே விதியை எடுத்துச் சொல்வது வியாபாரிகள் கடமை. இரண்டையும் செய்விப்பது அரசாங்கத்தின் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இவ்வண்டியைப் பெருஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர். வீட்டு வளாகத்துக்குள் ஓட்டினாலும் தலைக்கவசம் அணியுங்கள். உழைத்துப் பிழைப்பவனுக்கு உடம்பே முதல். அந்த முதலை இழந்தால் குடும்பமே தெருவில் நிற்கும்!