தூண்டில் எடுக்குமுன்



கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்ற தந்தையரைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. மக்கள் முன்னேற வேண்டுமென்று பகற்பணியும் இரவுப்பணியுமாய் ஓடியவர்கள், அம்மக்களோடு அமைதியாய் அமர்ந்திருந்த நாட்கள் மிகச் சில. இன்று அம்மக்களுள் சிலர் அயர்லாந்து போன்ற நாடுகளில் பணிபுரிகின்றனர். விடுமுறைக்கு வந்து ஆற்றங்கரையில் தங்கி மீன் பிடிக்கலாம் என்று பெற்றோரை அழைக்கின்றனர். ஆரணியாற்றில் தூண்டில் போட்டு வளர்ந்த தந்தைக்கு இதைவிட இனிய அழைப்பு ஏது? எனினும் புறப்படுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள.

அயர்லாந்தின் மிக நீண்ட ஆறு ஷானன். ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளமுடைய அது, ஏரிகள் பலவற்றை ஊடுருவிச் செல்கிறது. அங்கே தூண்டிற்காரர் நாடும் மீன்களுள் இரண்டைச் சொல்வோம். ஒன்று பிரீம். கெண்டைக்கு உறவான இது, தட்டையான உடலோடு கூட்டங்கூட்டமாய் அடித்தரையில் மேய்வது. நாம் தவிட்டு உருண்டை போட்டுக் கெண்டையைக் கூட்டுவதுபோல, அங்கே ரொட்டித்தூளைப் பிசைந்து எறிந்து காத்திருப்பர். மற்றொன்று பைக். மோட்டார் சைக்கிளை எண்ணிவிடாதீர்கள்! வாத்தின் அலகு போன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டு, நம் விராலைப்போல் நீர்ச்செடிகளிடையே பதுங்கி இரைமீது பாயும் மீன் இது. நைலான் நரம்பை அறுத்துவிடுமாதலால், தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பித்துண்டு கட்டுதல் வேண்டும். பைக்குக்குக் குளிர்மாதங்கள் ஏற்றவை, பிரீமுக்குக் கோடை. வயது முதிர்ந்தோர் கோடையைத் தேர்வதே நலம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரையிலும் அங்கே வெளிச்சமிருக்கும்.

ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. அந்நாட்டு விசாவைக் காலத்தோடு பெற வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் இவ்வகை மீன்களுக்கு அரசு உரிமச்சீட்டு வேண்டியதில்லை; ஆயினும் தனியார்க்கும் சங்கங்களுக்கும் உரிய நீரில் அனுமதி பெற வேண்டும். எல்லை தாண்டி வட அயர்லாந்தில் தூண்டிலிட உரிமம் கட்டாயம். பயணத்திற்கென்று வட்டிக்குக் கடன் வாங்குவதை நாம் ஒருபோதும் பரிந்துரையோம். தாயார் அங்கும் அடுப்படியிலேயே நின்றால், அது அவருக்கு விடுமுறையாகாது. ஒரு நாளை நாக் திருத்தலத்திற்கென ஒதுக்குங்கள். 1879 ஆகஸ்டு 21 அன்று தேவமாதா காட்சியளித்த தலம் அது.

நம்மவர்க்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. அங்கே பிடித்த மீனைப் பெரும்பாலும் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவர். பைக் மீனில் ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றே வைத்துக்கொள்ளலாம். அதுவும் 50 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. முட்டையிடும் பெருமீன் பிழைத்தாலன்றோ அடுத்த தலைமுறைக்கு மீன் இருக்கும்? அண்டை நாடான இங்கிலாந்தின் ஆறுகளில் இவ்வகை மீன்களைப் பிடிக்க மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடையுண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடையுண்டு. கடல்கள் பல கடந்தும் நோக்கம் ஒன்றே. நம் பழவேற்காட்டு ஏரியிலோ மீனவர்கள், எந்த நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறையால் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். போதுமென்னும் மனம் நமக்குப் புதியதன்று.

இன்னொன்றையும் நெஞ்சு கனக்கச் சொல்கிறோம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளில், பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாய்ச் சென்ற படகு கவிழ்ந்து, சிறுவர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. ஷானன் ஆயினும் பழவேற்காடு ஆயினும், மிதவைச் சட்டையின்றிப் படகில் கால் வைக்காதீர்கள். பேரக்குழந்தைகளின் கைவிட்டு அகலாதீர்கள். படகு நிறைந்திருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். தூண்டிற்காரனுக்குப் பொறுமை புதிதா என்ன?

அயல்நாடு செல்ல வசதியற்ற குடும்பங்கள் மனம் தளர வேண்டியதில்லை. அருகிலுள்ள ஏரிக்கரையில், உரிமை பெற்றோரின் அனுமதியோடு, தந்தையும் மகனும் ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். மிதவைக்கட்டையைப் பார்த்தபடி அருகருகே அமர்ந்திருக்கையில், பல ஆண்டுகளாய்ப் பேசாது விட்டவற்றைப் பேச நா எழும்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குத் தோன்றியதை அருளப்பர் எழுதுகையில், வலையில் அகப்பட்ட பெரிய மீன்கள் 153 என்று எண்ணியே குறித்தார். ஆயினும் இராயப்பரும் மற்றவரும் கரையேறியபோது, அவர்களுக்காகத் தீ மூட்டி உணவு சமைத்து ஆண்டவர் காத்திருந்தார். பிள்ளைகளோடு அவ்வாறு அமர்ந்து உண்ணும் ஒரு வேளைக்காகவே உங்கள் பயணம் அமையட்டும். கூடை வெறுமையாயிருப்பினும் குறையில்லை.